ஊர் திரும்பும் முதுமைக்கு யார் காப்பு?

கொடைக்கானல் மலைக்கு வாகனத்தில் ஏற 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமாகிவிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு அது. மலை தாங்கக்கூடிய கூட்டத்துக்கு ஓர் அளவு வேண்டும் என்பதில் இங்கே குடியிருப்பவர்கள் பெரும்பாலோருக்கு மாற்றுக் கருத்து இல்லை. உள்ளூர்வாசிகளுக்கு அதில் விலக்கும் உண்டு. வசிப்பவர் வேறு, வந்துபோகிறவர் வேறு என்பதே அந்த விலக்கின் பின்னால் இருக்கும் எளிய நியாயம். மலைச்சாவடியில் ஏற்கப்பட்ட இந்த நியாயம், நாட்டின் எல்லையில் ஏற்கப்படுவதில்லை. மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்திலும் ஏற்கப்படுவதில்லை. இதனால் முதுமையில் ஊர் திரும்பியவர்கள் படும் பாட்டை என் குடும்பத்திலேயே கண்டவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

என் அண்ணன் பொறியாளர். முப்பத்தைந்து ஆண்டுகள் அமெரிக்காவில் வேலை பார்த்து, அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றவர். 2016-இல், அறுபத்தேழாவது வயதில், அண்ணியுடன் கொடைக்கானல் நாயுடுபுரத்துக்குக் குடிவந்தார். நான் மதுரையில் பேராசிரியர் பணி முடித்துப் பெருமாள்மலையில் வீடு பார்த்திருந்த நேரம் அது. இருவரிடமும் 'வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்' என்று பொருள்படும் ஓசிஐ அட்டை இருந்தது. வாழ்நாள் முழுவதும் விசா இல்லாமல் இந்தியாவுக்கு வந்துபோகலாம் என்பதே அதன் உறுதிமொழி. "இனி எனக்கு ரெண்டு நாடு, தம்பி" என்று அவர் சொன்னது நினைவிருக்கிறது.

அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தோருக்கான அரசுக் காப்பீடு மெடிகேர். அதன் 'ஏ' பகுதி மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கானது. போதிய ஆண்டுகள் வரி கட்டி உழைத்தவர்களுக்குச் சந்தா இல்லை. 'பி' பகுதி மருத்துவர் கட்டணத்துக்கும் புறநோயாளி சிகிச்சைக்குமானது. மாதந்தோறும் நூறு டாலருக்கு மேல் கட்ட வேண்டும். மிகச் சில விதிவிலக்குகள் தவிர, அமெரிக்காவுக்கு வெளியே பெறும் சிகிச்சைக்கு மெடிகேர் பணம் தராது. கொடைக்கானலில் இருந்துகொண்டு பயன்படாத ஒன்றுக்கு ஏன் கட்ட வேண்டும் என்று அண்ணன் 'பி' பகுதியை விட்டுவிட்டார். கணக்குப் பார்த்தால் அது தவறான முடிவாகத் தோன்றாது. மறு ஆண்டு இங்கேயே மூத்த குடிமக்களுக்கான காப்பீடு ஒன்றை எடுத்தார். நீரிழிவும் இரத்த அழுத்தமும் ஏற்கெனவே இருந்ததால், அவை தொடர்பான சிகிச்சைக்கு நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்றது பாலிசி.

2020 பிப்ரவரியில் பேத்தியின் விசேஷத்துக்காக இருவரும் நியூஜெர்சி போனார்கள். மார்ச் இறுதியில் திரும்புவதாகத் திட்டம். மார்ச் 13 முதல் விசாக்கள் நிறுத்திவைக்கப்பட்டன. ஓசிஐ அட்டைக்கான விசா இல்லாப் பயணச் சலுகையும் அதே நாளில் நிறுத்தப்பட்டது. முதலில் ஏப்ரல் 15 வரை என்றார்கள். பிறகு நீண்டுகொண்டே போயிற்று. மே மாதத்தில் ஓசிஐ அட்டையினரில் சில பிரிவினருக்கு மட்டும் வழி திறந்தது. அண்ணனும் அண்ணியும் அவற்றில் எதிலும் பொருந்தவில்லை. அக்டோபர் 21 ஆணைக்குப் பிறகே எல்லா ஓசிஐ அட்டையினரும் திரும்ப முடிந்தது. ஏழு மாதங்களுக்கு மேல் தம் வீட்டுக்கு அவர்கள் அந்நியராக இருந்தார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் எல்லையை அடைக்க அரசுக்கு உரிமை இல்லை என்று நான் வாதிடவில்லை. இங்கே வீடும் வாழ்வும் உள்ளவரையும், தாஜ்மகால் பார்க்க வருபவரையும் ஒரே வரிசையில் நிறுத்தியதுதான் என் கேள்வி.

அந்த ஏழு மாதங்களில் வேறொரு கதவும் சத்தமில்லாமல் சாத்தப்பட்டது. ஜூலையில் இந்தியப் பாலிசியைப் புதுப்பிக்க வேண்டும். நினைவூட்டும் குறுஞ்செய்தியும் ஓடிபியும் அவருடைய இந்தியக் கைப்பேசி எண்ணுக்குத்தான் வரும். ரீசார்ஜ் செய்யாததால் அந்த எண் செயலிழந்திருந்தது. எனக்குத் தெரிந்திருந்தால் நானே பணம் கட்டியிருப்பேன். சலுகைக் காலமும் கடந்த பிறகே அவருக்கு விஷயம் தெரிந்தது. பாலிசி காலாவதியாயிற்று, நான்கு ஆண்டுக் காத்திருப்பில் கழித்த மூன்று ஆண்டுகளும் அதோடு போயின. அமெரிக்காவிலோ, விட்டுப்போன 'பி' பகுதியில் மீண்டும் சேரும் காலம் ஜனவரி முதல் மார்ச் வரைதான். திரும்பிவிடுவோம் என்ற நம்பிக்கையில் அதையும் அவர் தவறவிட்டிருந்தார். ஒரு நாட்டின் கடவுச்சீட்டும் இன்னொரு நாட்டின் வாழ்நாள் அட்டையும் கையில் இருந்த அந்த எழுபத்தோரு வயது மனிதருக்கு, இரண்டு நாட்டிலும் முழுமையான மருத்துவக் காப்பு இல்லை.

நவம்பரில் திரும்பி வந்தார்கள். அந்த வயதில், அந்த நோய்களுடன், புதிய பாலிசி தர அவர் அணுகிய நிறுவனம் மறுத்துவிட்டது. 2021 ஜனவரியில் ஓர் இரவு நெஞ்சுவலி. பனிமூட்டத்தில் மலைப்பாதை இறங்கி, வத்தலக்குண்டு கடந்து மதுரை சேர மூன்றரை மணி நேரம் ஆயிற்று. பிழைத்துக்கொண்டார். நாலரை லட்சம் ரூபாய் கைப்பணம் செலவாயிற்று. அது அவரை ஏழையாக்கிவிடவில்லை. ஆனால், அடுத்த முறையும் அதற்கடுத்த முறையும் என்ற அச்சம் அவரை விடவில்லை. மார்ச்சில் இருவரும் அமெரிக்காவுக்கே திரும்பினார்கள். 31-ஆம் தேதிக்குள் பதிவு செய்து, ஜூலை 1 முதல் 'பி' பகுதிக் காப்பு கிடைத்தது. விட்டிருந்த ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் பத்து விழுக்காடு என, சந்தாவில் நாற்பது விழுக்காடு அபராதம், வாழ்நாள் முழுவதற்கும். பதிவு செய்த மறுமாதமே காப்பு தொடங்கும்படி 2023-இல் அமெரிக்கா விதியைத் திருத்திக்கொண்டது. அபராதம் மட்டும் தொடர்கிறது.

மூன்று கடிகாரங்கள்

இதை ஒரு குடும்பத்தின் துரதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிடலாம். பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. இதில் தவறு செய்த அதிகாரி ஒருவரும் இல்லை. விதிகள் எல்லாம் எழுதப்பட்டபடியே இயங்கின. ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத மூன்று சட்டங்களின் நடுவே அகப்பட்டதுதான் அண்ணனின் நிலை.

முதலாவது, வருமான வரிச் சட்டம். ஒரு நிதியாண்டில் 182 நாள் இங்கே இருந்தால் நீங்கள் 'குடியிருப்பாளர்'. எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்று அது கேட்பதில்லை. திரும்பி வந்தோருக்கான ஓரிரு ஆண்டுச் சலுகைக் காலம் முடிந்ததும், உலகின் எந்த மூலையில் வட்டி வந்தாலும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். அண்ணன் காட்டினார்.

இரண்டாவது, குடியேற்றச் சட்டம். அது நாட்களை எண்ணாது. கடவுச்சீட்டின் அட்டையைப் பார்க்கும். ஓசிஐ என்ற பெயரில் 'குடிமகன்' என்ற சொல் இருந்தாலும் அது குடியுரிமை அன்று. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின் வழி வந்த, அரசு நிறுத்திவைக்கக்கூடிய சலுகை. அதற்கு வாக்குரிமை இல்லை. மலையில் காப்பித் தோட்டமோ வேளாண் நிலமோ விலைக்கு வாங்கவும் முடியாது. 2025 செப்டம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 1920 முதல் 2000 வரையிலான நான்கு பழைய சட்டங்களை ஒன்றாக்கியிருக்கிறது. உள்நோயாளியாகச் சேரும் வெளிநாட்டவர் பற்றி மருத்துவமனைகள் தகவல் தர வேண்டும் என்கிறது. ஆனால், அந்த நோயாளியின் கட்டணத்தை யார் தருவார் என்பது அதன் கவலை அன்று.

மூன்றாவது, காப்பீட்டு விதிகள். அவை வசிப்பிடத்தையும் கடவுச்சீட்டையும் விட, வயதையும் நோயையும் பாலிசி தொடங்கிய தேதியையுமே முதன்மையாகப் பார்க்கின்றன. ஒரு நாள் தவறினால் கடிகாரம் மீண்டும் சுழியத்திலிருந்து ஓடும்.

வரி கேட்கும்போது குடியிருப்பாளர், எல்லையில் நிற்கும்போது அந்நியர், நோயுறும்போது புதியவர். ஒரே மனிதரை அரசின் மூன்று கைகள் மூன்று பெயரால் அழைக்கின்றன.

உடல்நலம் தேடி வந்த மலை

இந்த மலை நகரம் பிறந்த கதையே உடல்நலக் கதைதான். சமவெளியில் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் தம்மவர்களைப் பறிகொடுத்த அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் 1845-இல் இங்கே முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். மதுரை ஆட்சியராக இருந்த வெரி ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் ஏரியை உருவாக்கினார். பணி ஓய்வுக்குப் பின் இங்கேயே குடியேறினார். 1901-இல் தொடங்கிய பள்ளி இன்று கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளியாக இருக்கிறது. அதில் கற்பித்தவர்களும் அவர்களது பிள்ளைகளும் எனப் பல தலைமுறை வெளிநாட்டவருக்கு இம்மலை சொந்த ஊர்.

ஆனால், இந்திய வம்சாவளி இல்லாத ஒருவர் ஓய்வுக்காலத்தை இங்கே கழிக்க விரும்பினால் அதற்கென ஒரு விசா இந்தியாவில் இல்லை. வேலைக்கு உண்டு, படிப்புக்கு உண்டு, சிகிச்சைக்கு உண்டு. 2023 முதல் ஆயுஷ் சிகிச்சைக்கும் உண்டு. முதுமைக்கு இல்லை. எனவே பலர் சுற்றுலா விசாவில் வாழ்ந்தார்கள். ஆறு மாதம் முடியும்போது கொழும்புவரை போய்த் திரும்புவார்கள். மும்பைத் தாக்குதல் வழக்கில் டேவிட் ஹெட்லி சிக்கிய பிறகு, 2009 இறுதியில், சுற்றுலா விசாவில் வந்து சென்றவர் மீண்டும் வர இரண்டு மாத இடைவெளி வேண்டும் என்ற விதி வந்தது. ஒரு பயங்கரவாதியின் பயண வழிமுறைக்காக எழுதப்பட்ட விதி, தோட்டத்தில் கேரட் போட்டுக்கொண்டிருந்த ஓய்வூதியரையும் கட்டிப்போட்டது. ஒரு சில நாட்டினருக்குத் தவிர மற்றவர்களுக்கு 2012 இறுதியில் அது விலக்கப்பட்டது. அந்த மூன்று ஆண்டுகளில் வீட்டை விற்றுவிட்டுப் போனவர்களை நானறிவேன்.

அவர்களுள் பிரித்தானிய ஓய்வூதியர்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. இந்தியாவில் குடியிருப்பவர்களுக்கு அந்நாட்டு அரசு ஓய்வூதியத்தை ஆண்டுதோறும் உயர்த்தித் தருவதில்லை. தொடங்கிய தொகையிலேயே அது உறைந்துவிடுகிறது. வயது ஏற ஏற மருத்துவச் செலவு உயரும். வருமானம் நின்ற இடத்தில் நிற்கும்.

சந்தை ஏன் முதியவரை மறுக்கிறது?

"காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஈவிரக்கம் இல்லை" என்று பலர் சொல்வதுண்டு. விளக்கம் அதுவன்று. ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுரை பழைய கார்ச் சந்தையைப் பற்றியது என்றே பலருக்கும் தெரியும். 65 வயதைக் கடந்தவர்களுக்கு மருத்துவக் காப்பீடு கிடைப்பது ஏன் கடினம் என்பதையும் அதே உரையில்தான் அவர் விளக்கினார். தன் உடல்நிலை தனக்குத் தெரியும், நிறுவனத்துக்குத் தெரியாது. சந்தாவை உயர்த்தினால் நலமுள்ளவர்கள் விலகிவிடுவார்கள், நோயுள்ளவர்களே சேர்வார்கள். மேலும் உயர்த்த வேண்டிவரும். கடைசியில் எந்த விலைக்கும் விற்க முடியாத நிலை வந்துவிடும். இதைப் பாதகத் தேர்வு என்கிறோம். அகர்லாஃபுக்கு 2001-இல் நோபல் பரிசு கிடைத்தது. முதியவர்களுக்குக் காப்பீடு கிடைப்பது இன்றும் எளிதாகவில்லை.

திரும்பி வருபவர் விஷயத்தில் இந்த ஐயம் இரட்டிப்பாகிறது. நாற்பது ஆண்டுகள் வேறோரிடத்தில் சந்தா கட்டியவர், செலவு வைக்கும் வயதில் இங்கே வருகிறார். நிறுவனத்தின் பார்வையில் அவர் பந்தி போட்ட பிறகு வந்து உட்காருபவர். எனவே, இதைத் தனித்தனி நிறுவனங்களின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிட முடியாது. விதியால்தான் தீர்க்க முடியும்.

நம் ஒழுங்குமுறை ஆணையம் இதில் சும்மா இருக்கவில்லை. 2024 ஏப்ரல் முதல், எல்லா வயதினருக்கும் பாலிசி வழங்க வேண்டும் என்றது; ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்பின் உச்சவரம்பை நான்கிலிருந்து மூன்று ஆண்டுகளாகக் குறைத்தது. 2025 ஜனவரியில், மூத்த குடிமக்களின் சந்தாவை ஆண்டுக்குப் பத்து விழுக்காட்டுக்கு மேல் தன்னைக் கலக்காமல் உயர்த்தக் கூடாது என்றது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கான 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் நீக்கப்பட்டது. எல்லாம் நல்லவையே. ஆயினும், பாலிசி உண்டு என்று கொள்கையளவில் சொல்வதும், ஒரு குறிப்பிட்ட எழுபது வயதுக்காரருக்குக் கட்டக்கூடிய சந்தாவில் பாலிசி கிடைப்பதும் ஒன்றல்ல. மூன்று ஆண்டு என்பதும் எழுபது வயதில் நீண்ட காலம்தான்.

வசதி படைத்த ஓசிஐ அட்டைக்காரர்களுக்காக நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று வாசகர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால், இதே பள்ளத்தில் விழுபவர்களில் பெருந்தொகையினர் வளைகுடாவிலிருந்து திரும்பும் நம் தொழிலாளர்கள். அவர்களிடம் இருப்பது இந்தியக் கடவுச்சீட்டு. விமான நிலையத்தில் அவர்களை யாரும் தடுப்பதில்லை. துபாய் போன்ற இடங்களில் தொழிலாளருக்கு நிறுவனமே காப்பீடு எடுத்தாக வேண்டும். வேலையும் குடியிருப்பு விசாவும் முடியும்போது அந்தக் காப்பீடும் முடிந்துவிடுகிறது. பாலைவன வெயிலில் சேர்த்த சர்க்கரையோடும் சிறுநீரகக் கோளாறோடும் அறுபதை நெருங்கும் வயதில் திண்டுக்கல்லிலோ இராமநாதபுரத்திலோ வந்து இறங்குபவருக்கு, காப்பீட்டுக் கடிகாரம் அன்றுதான் தொடங்குகிறது. இருபது ஆண்டுகள் அவர் காப்பில் இருந்தார் என்பதற்கு இங்கே மதிப்பே இல்லை.

பிறர் அனுபவம் சொல்வது

ஓய்வூதியரை விரும்பி அழைத்த தாய்லாந்து, ஐம்பது வயது கடந்தோருக்கான தன் நீண்டகால விசாக்களுள் ஒன்றுக்கு 2019 அக்டோபர் 31 முதல் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. உள்நோயாளி சிகிச்சைக்கு 4 லட்சம் பாட், புறநோயாளிக்கு 40 ஆயிரம் பாட் என வரம்பு வைத்தது. பின்னர் வரம்பை மிகவும் உயர்த்தியது. அரசு மருத்துவமனைகள் வசூலிக்க முடியாத கட்டணச் சுமையைக் குறைப்பதே நோக்கம். நோக்கம் சரி. ஆனால், காப்பீடு வாங்கும்படி முதியவரைக் கட்டாயப்படுத்திய அளவுக்கு, விற்கும்படி நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. பல ஆண்டுகள் அங்கே வாழ்ந்தவர்களும் திரும்ப நுழையும்போது காப்பீட்டுச் சான்றுக்கு அலைந்தார்கள். வயது முதிர்ந்தவர்களே அதிகம் அவதிப்பட்டார்கள். ஒரு கையை மட்டும் கட்டும் விதி இப்படித்தான் முடியும்.

கனடா, பேரக்குழந்தைகளைப் பார்க்க வரும் பெற்றோருக்கு 2011 இறுதியில் 'சூப்பர் விசா' தந்தது. குறைந்தது ஒரு லட்சம் கனடிய டாலருக்கு ஓராண்டு மருத்துவக் காப்பீடு இருக்க வேண்டும். 2022 ஜூலை முதல் ஒரே முறையில் ஐந்து ஆண்டுகள்வரை தங்கலாம். நம் ஊரிலிருந்து டொரொண்டோ போகும் பாட்டிமார் பலருக்கு விசாவைவிட அந்தக் காப்பீட்டுச் சந்தாதான் பெரிய செலவு. ஆயினும், விதி தெளிவாக இருக்கிறது. கதவும் காப்பும் ஒரே காகிதத்தில் வருகின்றன. பிரிட்டனோ, ஆறு மாதத்துக்கு மேல் தங்க விசா கேட்கும் பெரும்பாலோரிடம் மருத்துவக் கூடுதல் கட்டணம் வாங்குகிறது. 2024 பிப்ரவரி முதல் பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு. கட்டியவர் பொது மருத்துவச் சேவையைப் பயன்படுத்தலாம்.

எனக்கு மிகவும் பொருத்தமாகத் தோன்றுவது நம் மக்கள் நன்கறிந்த சிங்கப்பூரின் வழி. அங்கே நிரந்தரவாசிகள் வெளியே போய்வர மறுநுழைவு அனுமதி வேண்டும். அதை இழந்தால் நிரந்தரவாசமும் போய்விடக்கூடும். எல்லை விஷயத்தில் அவர்கள் கறார். ஆனால், குடிமக்களும் நிரந்தரவாசிகளுமான அனைவரையும் 2015 நவம்பர் முதல் மெடிஷீல்டு லைஃப் திட்டத்தில் வாழ்நாளுக்கும் சேர்த்துவிட்டார்கள். கடுமையான நோய் ஏற்கெனவே இருந்தாலும் மறுப்பதில்லை. பத்து ஆண்டுகளுக்கு முப்பது விழுக்காடு கூடுதல் சந்தா மட்டும் வாங்குகிறார்கள். நலமுள்ளவர் விலக முடியாது, நோயுள்ளவர் விலக்கப்பட மாட்டார். அகர்லாஃப் சொன்ன சிக்கலுக்கு இதைவிட நேரான விடை எனக்குத் தெரியவில்லை.

இது நமக்குப் புதிதும் அன்று. எழுபது வயதைக் கடந்தோருக்கு வருமான வரம்பின்றி ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க் காப்பு தரும் ஆயுஷ்மான் திட்ட விரிவாக்கம் 2024 அக்டோபர் 29-இல் தொடங்கப்பட்டது. அதில் ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு இல்லை. முதியவரை நோயோடு ஏற்கும் காப்பீடு இந்தியாவில் சாத்தியமே என்பதற்கு அதுவே சான்று.

செய்யக்கூடியவை

முதலாவது, காப்பீட்டுத் தொடர்ச்சி. ஓர் இந்திய நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறினால், காத்திருப்பில் கழித்த காலம் இன்று கணக்கில் சேர்க்கப்படுகிறது. வெளிநாட்டில் தொடர்ந்து காப்பில் இருந்ததற்குச் சான்று தருபவருக்கும், திரும்பிய ஆறு மாதத்துக்குள் சேர்ந்தால், அதே சலுகையை நீட்டலாம். அரசுக்குச் செலவில்லாத சீர்திருத்தம் இது. மிகுதியும் பயனடைபவர் வளைகுடாத் தொழிலாளரே.

இரண்டாவது, பொதுத் தொகுப்பு. திரும்பி வரும் முதியோருக்கெனக் காப்பீட்டு நிறுவனங்கள் கூட்டாக ஒரு பாலிசி வழங்க வேண்டும். மறுப்புக்கு இடமில்லை, நோய்க்கேற்ப, வரம்புள்ள கூடுதல் சந்தா. இடர் எல்லா நிறுவனங்களுக்கும் பகிரப்படும்போது எந்த ஒன்றும் அஞ்ச வேண்டியதில்லை.

மூன்றாவது, வசிப்பிட உரிமை. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வரிக் கணக்கில் குடியிருப்பாளராக இருந்த ஓசிஐ அட்டையினருக்கு, நெருக்கடிக் காலத்திலும் தனிமைப்படுத்தல் போன்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டு வீடு திரும்பும் உறுதி வேண்டும். வரித் துறை ஏற்கெனவே எண்ணிவைத்திருக்கும் நாட்களைக் குடியேற்றத் துறையும் பயன்படுத்திக்கொள்ளட்டும்.

நான்காவது, ஓய்வூதியர் விசா. ஐம்பத்தைந்து வயதைக் கடந்த வெளிநாட்டவருக்கு இலங்கைகூட 'மை டிரீம் ஹோம்' என்ற பெயரில் தனி விசா வைத்திருக்கிறது. நாமும் தரலாம், உறுதியான ஓய்வூதியம், ஆண்டுதோறும் ஒரு மருத்துவப் பங்களிப்பு என்ற நிபந்தனைகளோடு. அந்தப் பங்களிப்பில் ஒரு பகுதி அவர் வாழும் வட்டத்தின் அரசு மருத்துவமனைக்கே போக வேண்டும். மலையிலுள்ள அரசு மருத்துவமனையில் இதய சிகிச்சைக்கு வசதி கூடினால், வெளிநாட்டவருக்கு மட்டுமா பயன்? மன்னவனூரிலும் பூம்பாறையிலும் பூண்டு பயிரிடும் விவசாயிக்கும் நள்ளிரவில் நூற்றிருபது கிலோமீட்டர் மலைப்பாதை மிச்சமாகும்.

விதிகள் மாறும்வரை, திரும்ப எண்ணுபவர்களுக்கு அண்ணனின் அனுபவத்திலிருந்து சில சொற்கள். இங்கே காத்திருப்புக் காலம் முடியும்வரை அங்குள்ள காப்பை விட்டுவிடாதீர்கள். அந்த இரட்டைச் சந்தா வீண்செலவு அன்று. மீண்டும் சேரும் காலம் எது, தவறினால் அபராதம் எவ்வளவு என்பதை விலகும் முன் எழுதிவையுங்கள். இந்தியக் கைப்பேசி எண்ணை உயிரோடு வைத்திருங்கள். புதுப்பிக்கும் தேதியை உள்ளூரில் ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ சொல்லிவையுங்கள். நாங்கள் இருவரும் அன்றாடம் பேசிக்கொண்டோம். இந்த ஒன்றைத்தான் பேசவில்லை.

அண்ணனுக்கு இப்போது எழுபத்தாறு வயது. நாயுடுபுரம் வீட்டின் சாவி என்னிடம் இருக்கிறது. மாதத்துக்கு இருமுறை போய்ச் சன்னல்களைத் திறந்துவைக்கிறேன். இல்லையென்றால் சுவரில் பூஞ்சை பிடித்துவிடும். பேரி மரம் காய்த்தால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பறித்துக்கொள்கிறார்கள். தொலைபேசியில் அவர் முதலில் கேட்பது, "பனி இறங்கிருச்சா?" என்பதுதான். திரும்பி வருவதைப் பற்றி இப்போதெல்லாம் அவர் பேசுவதில்லை. விமானம் ஏற அவருக்குத் தடையில்லை. ஓசிஐ அட்டை செல்லுபடியாகவே இருக்கிறது. ஆனால், வந்த பிறகு நோயுற்றால் என்ன செய்வது என்ற கேள்விக்கு இன்னும் அவரிடம் விடை இல்லை. என்னிடமும் இல்லை.

வீட்டு முற்றத்தில் நிற்கும் அவருடைய கார் கொடைக்கானல் முகவரியில்தான் பதிவாகியிருக்கிறது. அதில் மலையேற அவருக்கு இ-பாஸ் வேண்டியதில்லை. மலைச்சாவடியின் கணக்கில் அவர் இன்றும் உள்ளூர்வாசி. நாட்டின் கணக்கிலும் அப்படி ஆகும்வரை, வாழ்நாள் அட்டை என்பது வந்து பார்த்துவிட்டுப் போவதற்கான அனுமதிச்சீட்டு மட்டுமே.